வீட்டு பிளானில் ஏசி எங்கே? கட்டட வரைபடத்தில் சூட்டையும் குளிர்ச்சியையும் படிப்பது எப்படி?

பில்டர் கொடுத்த பிளானை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஹாலில் சோபா இருக்கும், பெட்ரூமில் கட்டிலும் அதன்மேல் இரண்டு தலையணையும் இருக்கும். பார்க்கிங்கில் கார்கூட நிற்கும். ஏசி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. கீசர்? அதுவும் சந்தேகம்தான்.

குடிபோன முதல் கோடையில் இதன் விளைவு தெரியும். ஏசி மாட்ட வந்தவர் சுவரை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க ஓட்டை போட்டாத்தான் சார் பைப் போகும்" என்பார். அந்த இடத்தில் பீம் இருக்கிறதா, உள்ளே வயர் ஓடுகிறதா என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஓட்டை விழுந்துவிடும். அடுத்த வாரம் கீழ் வீட்டுக்காரர் வந்து, "உங்க ஏசி தண்ணி எங்க துணி மேல சொட்டுது" என்பார்.

பல வருட இஎம்ஐ கட்டி வாங்கும் வீட்டில், ஸ்லாப் போடுவதற்கு முன் ஒரு தாளில் சில கோடுகள் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அந்தக் கோடுகள் என்னென்ன, அவற்றை எப்படிப் படிப்பது, யாரிடம் கேட்பது என்பதைப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஓர் ஊர்: திருச்சானூர்

திருப்பதியிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் இருக்கிறது திருச்சானூர். பத்மாவதி தாயார் கோயில் உள்ள ஊர். நம் வீட்டுப் பெரியவர்கள் அலமேலுமங்காபுரம் என்பார்கள். லாட்ஜ், கல்யாண மண்டபம், அபார்ட்மென்ட், தனி வீடு என எல்லா வகைக் கட்டடமும் இங்கே உண்டு. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

இந்த ஊரை எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. இதே திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி தடா அருகே ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை இருக்கிறது. டைக்கின், புளூ ஸ்டார் நிறுவனங்களின் ஏசி தொழிற்சாலைகள் அங்கே இயங்குகின்றன. அதாவது ஏசி பெட்டி இந்த மாவட்டத்திலேயே தயாராகிறது. அதற்கான இடத்தை வீட்டு வரைபடத்தில் குறிப்பதுதான் பல நேரம் விட்டுப்போகிறது.

முதல் ஏசியும் ஒரு வரைபடமாகத்தான் பிறந்தது

அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. காற்றில் ஈரப்பதம் ஏறி இறங்கியதால் காகிதம் விரிந்தது, சுருங்கியது. ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் இதற்குத் தீர்வாக ஒரு அமைப்பை வடிவமைத்தார். அவருடைய வரைபடத்தில் உள்ள தேதி 1902 ஜூலை 17. நவீன ஏசியின் பிறந்த நாளாக இன்றும் சொல்லப்படுவது அந்தத் தேதிதான்.

காற்று எங்கிருந்து வரும், எதன் வழியாகப் போகும், எங்கே குளிரும், ஈரம் எங்கே வடியும் என்று கேரியர் யோசித்த கேள்விகளையே உங்கள் வீட்டு வரைபடத்திடமும் நீங்கள் கேட்க வேண்டும்.

எந்தத் தாளில் என்ன இருக்கும்?

விற்பனை பிளானில் எல்லாம் இருக்காது. ஒரு கட்டடத்துக்குப் பல தாள்கள் உண்டு. சூடு, குளிர்ச்சி விஷயத்தில் நான்கு முக்கியம்.

முதலாவது, தரை பிளான். கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து பார்ப்பது போன்றது. இண்டோர் யூனிட் எந்தச் சுவரில், அவுட்டோர் யூனிட் எங்கே, கீசர் எங்கே என்பது இதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, செக்‌ஷன். வீட்டை மேலிருந்து கீழாக வெட்டி, பக்கவாட்டில் பார்ப்பது. உயரம் சம்பந்தப்பட்ட எல்லாப் பிரச்சினையும் இதில்தான் தெரியவரும்.

மூன்றாவது, சீலிங் பிளான். தரையில் ஒரு பெரிய கண்ணாடியை விரித்து, அதில் தெரியும் சீலிங்கைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். லைட், ஃபேன், ஏசி காற்று வரும் இடம் மூன்றும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றனவா என்பதை இதில் பார்க்கலாம்.

நான்காவது, சர்வீஸ் டிராயிங். ஏசி, மின்சாரம், பிளம்பிங் என்று தனித்தனியாக இருக்கும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான், டிரெயின் பைப் போகும் வழியில் ஸ்விட்ச் போர்டு உட்கார்ந்திருப்பது தெரியும். இன்று கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடல் செய்து இந்த மோதல்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்கள். சின்ன வீட்டுக்கு அதுகூட வேண்டாம். இரண்டு பிரிண்ட் அவுட்டும் ஒரு பென்சிலும் போதும்.

வெயிலையும் வரைய முடியுமா?

முடியும். ஏசியை வரைவதற்கு முன் வரைய வேண்டியதே வெயிலைத்தான்.

திருச்சானூர் ஏறத்தாழ 13.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு கொஞ்சம் வடக்கே நகரும். ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து சுமார் 10 டிகிரி வடக்கே இருக்கும். ஆகஸ்ட் நடுவில் மீண்டும் உச்சிக்கு வரும். கத்திரி வெயில் காலம் இந்த இடைவெளியில்தான் வருகிறது. சென்னை, வேலூர் பக்கமும் ஏறக்குறைய இதே கதைதான்.

இதை செக்‌ஷனில் வரைந்தால் ஒன்று சட்டென்று புரியும். கோடையின் நண்பகல் வெயிலில் பெரும்பங்கை வாங்குவது மொட்டைமாடி. மேல் மாடி ஃபிளாட் இரவு பத்து மணிக்கும் அனலடிப்பதற்குக் காரணம், பகல் முழுக்க ஸ்லாப் வாங்கிவைத்த சூடு மெல்ல மெல்ல உள்ளே இறங்குவதுதான்.

தெற்கு ஜன்னலின் நிலைமை வேறு. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது 60 செ.மீ. நீட்டிய சன்ஷேட், தெற்குச் சுவரில் சுமார் 80 செ.மீ. நீளத்துக்கு நிழல் தரும். மேற்கு ஜன்னலுக்கு இந்தக் கணக்கு உதவாது. மாலை வெயில் தாழ்வாக, நேராக உள்ளே வரும். அங்கே பக்கவாட்டுத் தடுப்போ, ஜாலியோ, வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ வேண்டும்.

ஆகவே பிளானில் முதலில் தேட வேண்டியது வடக்கு அம்புக்குறி. அது இல்லாத பிளானை வைத்துக்கொண்டு எந்த அறை சுடும் என்று யாராலும் சொல்ல முடியாது. படுக்கையறையின் வெளிச்சுவர் மேற்கே இருந்தால், அங்கே அலமாரியை வைக்கலாமா, ஜன்னலைச் சின்னதாக்கலாமா என்று யோசிக்க வேண்டிய நேரம் அதுதான்.

காற்றையும் இதேபோல் அம்புக்குறியால் வரைவார்கள். ஒரு ஜன்னலில் நுழையும் அம்பு, அறையைக் கடந்து எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். நுழைந்த அம்பு வெளியேற வழியில்லாமல் நின்றால், அந்த அறையில் காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். நடுவில் முற்றம் வைத்த பழைய வீடுகளை செக்‌ஷனில் வரைந்து பாருங்கள். சூடான காற்று முற்றம் வழியே மேலே எழும்பிப் போவதும், அந்த இடத்துக்குத் திண்ணைப் பக்கமிருந்து காற்று வருவதும் இரண்டு அம்புகளில் விளங்கிவிடும்.

ஸ்பிளிட் ஏசிக்கு எத்தனை கோடு வேண்டும்?

சுவரில் ஒரு பெட்டியை வரைந்து "ஏசி" என்று எழுதினால் வேலை முடியாது. ஒரு ஸ்பிளிட் ஏசிக்கு ஐந்து விஷயங்கள் வரைபடத்தில் வேண்டும்.

1. இண்டோர் யூனிட்டின் இடமும் உயரமும். காற்று நேராகத் தலைமாட்டில் அடிக்கக் கூடாது. பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யவும் இடம் வேண்டும்.

2. அவுட்டோர் யூனிட் உட்காரும் இடம். அறையிலிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுவது இதுதான். ஆறு மாடி யூனிட்களையும் ஒரு குறுகிய சந்துக்குள் எதிரெதிராக வைத்தால், கீழ் வீட்டின் அனலை மேல் வீட்டு யூனிட் இழுத்துக்கொள்ளும். கரண்ட் பில் ஏறும், குளிர்ச்சி குறையும். மெக்கானிக் பயமில்லாமல் நின்று வேலை பார்க்க இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல மாடி உயரத்தில் கயிற்றை நம்பித் தொங்குபவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

3. காப்பர் பைப் போகும் வழி. மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று என இரண்டு பைப்கள் சேர்ந்து போகும். சுவரைக் கடக்கும் இடத்தில் கட்டும்போதே ஒரு ஸ்லீவ் பைப் வைத்துவிட்டால் பிறகு ட்ரில் போட வேண்டாம். அந்த இடம் பீமிலோ பில்லரிலோ விழக் கூடாது. விழுந்தே ஆக வேண்டும் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் சம்மதம் வேண்டும்.

4. டிரெயின் பைப். சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான். ஏசி அறையின் ஈரத்தைத் தண்ணீராக வடிக்கிறது. பம்ப் வைக்காவிட்டால் அந்தத் தண்ணீர் சரிவில் மட்டுமே ஓடும். மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு என்று வைத்தால், 6 மீட்டர் தள்ளியிருக்கும் பாத்ரூம் வரை போக 6 செ.மீ. இறக்கம் வேண்டும். பிளானில் இந்த இறக்கம் தெரியாது. கோட்டின் மேல் ஓர் அம்பும் சரிவு அளவும் எழுதியிருக்க வேண்டும்.

5. மின்சாரப் பாயிண்ட். ஏசிக்குத் தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். எலக்ட்ரிக்கல் டிராயிங்கில் இதன் இடமும் ஏசி டிராயிங்கில் யூனிட்டின் இடமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாத வீட்டில்தான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கும்.

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். ஆகவே ஏசி அறைக்கும் திறக்கக்கூடிய ஜன்னல் அவசியம்.

மண்டபம், ஆபீஸ் வரைபடத்தில் உள்ள பெருக்கல் குறிகள் என்ன?

திருச்சானூரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கானோர் கூடும் ஹாலில் சுவருக்குச் சுவர் ஸ்பிளிட் மாட்ட மாட்டார்கள். தகரத்தால் செய்த டக்ட் வழியாகக் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோவார்கள். நீங்கள் வேலை பார்க்கும் ஆபீஸின் சீலிங்குக்கு மேலேயும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வரைபடத்துக்கு ஒரு சின்ன அகராதி இருக்கிறது. ஒரு சதுரத்துக்குள் மூலைக்கு மூலை இரண்டு கோடுகள், அதாவது பெருக்கல் குறி இருந்தால், பொதுவாக அது குளிர்ந்த காற்று வரும் வழி. ஒரே ஒரு மூலைக்கோடு மட்டும் இருந்தால், அறைக் காற்று திரும்பப் போகும் வழி. வட்டத்துக்குள் 'டி' என்ற எழுத்து தெர்மோஸ்டாட். டக்ட் மேல் 600 x 300 என்று எழுதியிருந்தால், முதல் எண் அந்த வரைபடத்தில் நமக்குத் தெரியும் பக்கத்தின் அளவு. பிளானில் அது அகலம், இரண்டாவது எண் உயரம். அளவுகள் மில்லிமீட்டரில் இருக்கும்.

ஒவ்வொரு அலுவலகமும் இதைக் கொஞ்சம் மாற்றி வரையும். எனவே தாளின் ஓரத்தில் இருக்கும் குறியீட்டுப் பட்டியலை முதலில் படித்துவிடுங்கள்.

வண்ணமும் ஒரு மொழிதான். பாரிஸில் 1977இல் திறக்கப்பட்ட பாம்பிடூ மையம், குழாய்களை எல்லாம் கட்டடத்துக்கு வெளியே வைத்து வண்ணம் தீட்டியது. காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், ஆட்கள் போய்வரும் லிஃப்டுக்கும் எஸ்கலேட்டருக்கும் சிவப்பு. வரைபடத்தில் இருக்க வேண்டிய வண்ணக் குறியீட்டைக் கட்டடத்தின் முகத்திலேயே வைத்துவிட்டார்கள்.

சரி, இந்த டக்ட் உள்ளே நுழையுமா? இங்கேதான் செக்‌ஷன் தேவை. ஒரு தளத்தின் தரையிலிருந்து அடுத்த தளத்தின் தரை வரை 3,000 மி.மீ. என்று வைப்போம். பீமின் ஆழம் 450 மி.மீ. என்றால், பீமுக்குக் கீழே மிச்சம் 2,550. டக்ட் 300, மேலும் கீழும் இன்சுலேஷன் சேர்த்து 350. மிச்சம் 2,200. ஃபால்ஸ் சீலிங் சட்டத்துக்கு 50 போனால் 2,150 மி.மீ. அதாவது சுமார் 7 அடி. கை தூக்கினால் சீலிங் இடிக்கும். பிளானில் அழகாகத் தெரிந்த டக்ட், செக்‌ஷனில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். கட்டி முடித்தபின் கண்டுபிடித்தால், சிலர் பீமையே வெட்டப் பார்ப்பார்கள். அது கட்டடத்துக்கே ஆபத்து.

மண்டபத்திலும் லாட்ஜிலும் இன்னொரு கோட்டையும் தேடுங்கள். தீ பரவாமல் தடுக்கும் சுவரை டக்ட் கடக்கும் இடத்தில் ஃபயர் டாம்பர் என்ற கதவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தீ பிடித்தால் அது தானாக மூடிக்கொள்ளும். இல்லையென்றால் ஓர் அறையின் புகையை இன்னோர் அறைக்குக் கொண்டுபோகும் வழியாக டக்ட் மாறிவிடும்.

நம் ஊரில் ஹீட்டிங் எதற்கு?

அறையைச் சூடாக்க நமக்குத் தேவையில்லை. ஆனால் தண்ணீரைச் சூடாக்குகிறோம், சமைக்கிறோம். அதுவும் வரைபடத்தில் வர வேண்டும்.

கீசரும் குழாயும் எவ்வளவு தூரம் என்பது முதல் கேள்வி. 15 மி.மீ. உள்விட்டம் உள்ள 10 மீட்டர் பைப்பில் சுமார் 1.8 லிட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் குழாயைத் திறந்ததும் அவ்வளவு தண்ணீரும் ஆறிப்போனதாகத்தான் வரும், சாக்கடைக்குத்தான் போகும். இரண்டு பாத்ரூமும் முதுகோடு முதுகாக இருந்தால் பைப்பின் நீளம் குறையும். இதை முடிவு செய்வது பிளான்தான், பிளம்பர் இல்லை.

சோலார் வாட்டர் ஹீட்டர் என்றால், நம் பகுதியில் பேனல் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ பக்கத்துக் கட்டடத்தின் நிழலோ அதன்மேல் விழக் கூடாது. 200 லிட்டர் டாங்கில் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. அந்த எடை ஸ்ட்ரக்சுரல் டிராயிங்குக்கும் போய்ச் சேர வேண்டும். வெந்நீர் பைப்பைச் சிவப்பிலும் தண்ணீர் பைப்பை நீலத்திலும் காட்டுவது வழக்கம்.

இதன் பெரிய உதாரணம் மலைமேல் இருக்கிறது. திருமலையில் 2002இல் தேவஸ்தானம் ஒரு சூரிய நீராவிச் சமையல் அமைப்பை நிறுவியது. சூரியனைப் பின்தொடரும் 106 வளைந்த கண்ணாடித் தட்டுகள் தண்ணீரை நீராவியாக்கும். தினமும் சுமார் 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில் அது வடிவமைக்கப்பட்டது. வெயில் விழும் தட்டு, நீராவிக் குழாய், சமையல்கூடம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் இணைக்காமல் அப்படி ஒன்றைக் கட்டவே முடியாது.

எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

ஏசி "டன்" என்பது அதன் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்தில் அறையின் சூட்டை எடுப்பது ஒரு டன் ஏசி. அது சுமார் 3,517 வாட்.

யு-மதிப்பு என்பது சுவரோ கூரையோ எவ்வளவு சூட்டை உள்ளே விடுகிறது என்பதன் அளவு. எண் குறைந்தால் நல்லது. வெறும் கான்கிரீட் ஸ்லாபுக்கு இது சுமார் 3.5 என்று வைத்துக்கொள்வோம். 10 சதுர மீட்டர் அறை, வெளியே 40 டிகிரி, உள்ளே 25 டிகிரி. 3.5 x 10 x 15 என்றால் 525 வாட் சூடு கூரை வழியாக மட்டும் வருகிறது. இன்சுலேஷன் போட்டு யு-மதிப்பை 1.2 ஆக்கினால் அது 180 வாட். வெயில் பட்டு ஸ்லாப் சுடுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

அந்த 1.2 சும்மா எடுத்த எண் இல்லை. வீடுகளுக்காக மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பு, கூரைக்குச் சொல்லும் உச்ச வரம்பு அது. மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளில் சேர்க்கும்போது இது கட்டாயமாகும். பெரிய கட்டடங்களின் ஏசி, காற்றோட்டம் பற்றி 2016ஆம் ஆண்டின் தேசிய கட்டட விதித்தொகுப்பில் தனிப் பகுதியே இருக்கிறது.

வாங்குபவராக உங்கள் உரிமை என்ன?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இன் 19ஆவது பிரிவு, அனுமதி பெற்ற பிளான்களையும் அவற்றின் விவரங்களையும் கேட்டுப் பெறும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. தமிழ்நாடு, ஆந்திரா இரண்டுக்கும் இது பொருந்தும். "டிராயிங் எல்லாம் எதுக்கு சார், நாங்க பாத்துக்குறோம்" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே மறுபடியும் கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை இவை:

- பிளானில் வடக்கு எந்தப் பக்கம்? மேற்குச் சுவர் எந்த அறைக்கு வருகிறது?
- ஒவ்வொரு அறைக்கும் இண்டோர், அவுட்டோர் யூனிட் இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா?
- ஏசி டிரெயின் எந்த பைப்பில் போய்ச் சேருகிறது? சரிவு எழுதியிருக்கிறதா?
- ஸ்லீவ் வைக்கும் இடங்களை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்தாரா?
- கீசரிலிருந்து தூரத்துக் குழாய் வரை எத்தனை மீட்டர்?
- மேல் தளம் என்றால், கூரைக்கு என்ன இன்சுலேஷன்?

சொந்த வீடு கட்டுபவர்கள் இதே பட்டியலை சென்ட்ரிங் அடிக்கும் வாரத்தில் ஆர்க்கிடெக்டிடமும் கொத்தனாரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் ஒன்றாக உட்கார்ந்து கேளுங்கள். மூன்று பேர் கையிலும் ஒரே வரைபடத்தின் ஒரே பதிப்பு இருக்கட்டும். தாளின் வலது கீழ் மூலையில் இருக்கும் தேதியையும் திருத்த எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கான்கிரீட் ஊற்றும் நாளுக்கு முந்தைய மாலை வரை ஒரு கோட்டை அழித்து மாற்றி வரையலாம். மறுநாள் மாற்ற வேண்டுமென்றால் ட்ரில் மெஷின்தான் வர வேண்டும்.